இஞ்சின் பழுது என்று எழுதாத மனு

எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே எனக்கு மனு எழுத வரும். முதுகுளத்தூர்ப் பக்கம் மழையை நம்பி மிளகாயும் சோளமும் போடுகிற ஊர் எங்களுடையது. ஊருக்கு வடக்கே ஒரு களமும் ஏழு பனையும் இருந்த துண்டு நிலத்துக்காக என்னைப் பெற்ற அய்யா பத்து வருஷம் வழக்காடினார். அவருடைய கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் போகிற மனுக்களை எல்லாம் நான்தான் எழுதினேன். ‘மூன்று தலைமுறையாக எங்கள் அனுபோகத்தில் இருந்து வருகிறது’ என்ற வரி ஒவ்வொன்றிலும் வரும். பாட்டனார் கதிரடித்தது, அவருடைய அப்பா பனை வைத்தது என்று அடுக்குவோம். பத்திரம் இல்லாத நிலத்துக்கு அனுபோகம்தான் பத்திரம். கடைசியில் நிலம் எங்களுக்கே வந்தது. அந்த வரிதான் ஜெயித்தது என்று நான் நம்பினேன். பிற்பாடு ஒரு மனிதரை அந்த வரியாலேயே கெடுத்தேன்.

எழுபத்துநாலில் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்த செய்தி ரேடியோவில் வந்தபோது நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஜில்லாவின் கடல்தான் என்றாலும் எங்களுக்கு அது வேறு தேசம். அய்யா களத்தில் காயப்போட்ட மிளகாய்ப் பழத்தைக் கிளறிவிட்டுக்கொண்டே சொன்னார்:

“ஆளில்லாத தீவுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு? குடுத்தா குடுத்துட்டுப் போறாக.”

ஏழு பனைக்காகப் பத்து வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றவர் சொன்ன பேச்சு அது. எனக்கும் சரியென்றே பட்டது. தன் வரப்பு வெட்டுப்பட்டால்தான் எவனுக்கும் வலிக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கடற்கரை ஊரான தங்கச்சிமடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. ஒரு மீனவக் குடும்பத்தின் முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். கல்யாணம் அமையவில்லை, மாற்றலும் நான் கேட்கவில்லை. வீட்டுக்கார அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட; இடுப்பில் ஒரு மகன். அவர் கணவர் விசைப்படகில் டிரைவர். அதிகம் பேசாத மனிதர். பேசினால் குத்தலாகப் பேசுவார். அவர்தான் எனக்குக் கச்சத்தீவு ஒப்பந்தத்தை விளக்கினார்.

“அந்தோணியார் திருவிழாவுக்குப் போகலாமாம். தீவுல வலைய ஒணத்திக்கலாமாம். மீன் மட்டும் பிடிக்கக் கூடாதாம். நனையாத வலைய எதுக்கு டீச்சர் ஒணத்துறது? படிச்சவுக நீங்க, டில்லிக்காரவுகளக் கேட்டுச் சொல்லுங்க.”

நான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்தி வந்தால் விடாமல் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு டில்லி, சொந்த நிலத்தை உழுகிற எங்கள் ஊர் நடுத்தரச் சம்சாரியாகத்தான் தெரிந்தது. பெரிய பண்ணையும் இல்லை, கூலிக்காரனும் இல்லை. உலகத்தில் இரண்டு வல்லரசுகள் இரண்டு பெரிய பண்ணைகளாக முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், எவன் வாசலிலும் கைகட்டி நிற்க மாட்டேன் என்ற வீறாப்பு அவனுக்கு உண்டு. கூடவே ஒரு பயமும் உண்டு. பக்கத்து வீட்டுச் சின்னச் சம்சாரி, அந்த இலங்கைக்காரன், கோபித்துக்கொண்டு ஏதாவது ஒரு பண்ணையில் போய் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? அவனைக் குளிர வைக்க மூலையில் கிடந்த துண்டு நிலத்தைக் கொடுத்தான். அதில் மேய்ந்தது அடுத்தவன் ஆடு என்பதால் கை கூசவில்லை. இதில் டில்லியை மட்டும் நான் திட்ட முடியாது. மிளகாய் காய்ந்த எங்கள் களத்திலும் அதே தீர்ப்பைத்தான் சொன்னோம்.

பிறகு அக்கரையில் கலவரம் வந்தது. அகதிகள் படகு படகாக வந்து இறங்கினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஈரத் துணியோடு படுத்திருந்த பிள்ளைகளுக்கு அக்கா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். எண்பத்தேழில் சமாதானம் பண்ணி வைக்க நம் பட்டாளம் போனது. போன இடத்தில் சண்டையில் மாட்டி, இரண்டு பக்கத்தாரிடமும் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு திரும்பியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து விஷயம் என்றாலே டில்லி வாயைத் திறப்பதில்லை. உலகமும் மாறிவிட்டது. இரண்டு பண்ணையில் ஒன்று உடைந்துபோக, மிச்சமிருந்த ஒன்றின் வாசலை நோக்கி நம் சம்சாரியும் மெதுவாக நடக்கத் தொடங்கியிருந்தான். தொண்ணூற்றைந்து வாக்கில், இந்தச் சமயம் பார்த்துத்தான் அக்காவின் கணவரும் அவர் படகில் இருந்த நாலு பேரும் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டார்கள்.

கரையில் இதற்கென்று ஒரு மனு உண்டு. ‘இஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்துச் சென்றதால் தெரியாமல் எல்லை தாண்டிவிட்டார்கள், கருணை காட்ட வேண்டும்.’ யார் பிடிபட்டாலும் இதே வரிகள்தான். பேரும் படகு நம்பரும் மட்டும் மாறும். மற்ற நாலு குடும்பமும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா வெள்ளைத்தாளோடு என்னிடம் வந்தார்.

“எல்லாரும் இஞ்சின் ரிப்பேருன்னுதான் எழுதுறாக டீச்சர்.”

“தப்புப் பண்ணுனவன்தான்க்கா சாக்குச் சொல்லணும். நீங்க எதுக்குச் சொல்லணும்? உங்க மாமனார் எங்கன வலை போட்டாரு?”

“தீவுக்கு மேக்கயும் போட்டாரு, கிழக்கயும் போட்டாரு. அவுக அப்பாவும் அங்கனதான்.”

எனக்கு அது போதும். இரண்டு பக்கம் எழுதினேன். மூன்று தலைமுறையாக இந்தக் குடும்பம் கச்சத்தீவைச் சுற்றித் தொழில் செய்து வருகிறது. மாமனார் அங்கே வலை உலர்த்தினார், கஞ்சி காய்ச்சினார், திருவிழாவுக்குக் கொடிமரம் கொண்டுபோனார். இந்த அனுபோகத்தை எந்த ஒப்பந்தமும் அழிக்க முடியாது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி வாசித்துக் காட்டினேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மனு கலெக்டர் ஆபீசுக்குப் போய், சென்னைக்குப் போய், டில்லிக்குப் போனது. ‘உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது’ என்று ஒரு கடிதம் வந்தது. இரண்டு மாதம் கழித்து நாலு பேர் திரும்பி வந்தார்கள். அக்காவின் கணவர் வரவில்லை.

வந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

“எங்க பேப்பரப் படிச்சுட்டு நீதிபதி ஒண்ணும் கேக்கல டீச்சர். டிரைவர் அண்ணன் பேப்பர் மட்டும் பெருசா இருந்துச்சு. எல்லாத்தையும் சேத்து மேலருந்து அப்படியே அனுப்பிருக்காக. தமிழ் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு வாசிச்சுச் சொன்னாரு. ‘மூணு தலைமுறையா எங்க கடலுக்குள்ள வாரோம்னு ஒன் வீட்டுலருந்தே எழுதிருக்காக, எப்படி விடுறது’ன்னுட்டாக. அண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னாரு.”

இஞ்சின் பழுது பொய் என்பது எழுதுகிறவனுக்குத் தெரியும், படிக்கிறவனுக்குத் தெரியும், அக்கரை நீதிபதிக்கும் தெரியும். இரண்டு அரசாங்கமும் தங்கள் மானம் போகாமல் ஆளை விடுவதற்கு அந்தப் பொய்தான் வழி. நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். பாத்தியதை பேசினால் அக்கரைக்காரர்கள் தண்டித்தாக வேண்டும். டில்லிக்காரர்களோ வாய் திறந்தால் தாங்கள் கொடுத்ததைத் தாங்களே மறுத்ததாகிவிடும். ஒரு களத்து மனுவைக் கொண்டுபோய் இரண்டு தேசங்களுக்கு நடுவில் வைத்த முட்டாள் நான்.

“அக்காட்ட சொல்லிறாதீங்க” என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு நாளும் எனக்குத் தண்டனை. அக்கா வழக்கம்போல மீன் குழம்பு ஊற்றிக் கொடுப்பார். “தகவல் ஏதும் உண்டா டீச்சர்?” என்பார். இல்லை என்பேன். இஞ்சின் பழுது என்று வேறொரு மனு எழுதி அனுப்பினேன். அதற்குப் பதிலே வரவில்லை. ஒரு வருஷத்துக்குமேல் கழித்து அக்காவின் கணவர் சிறையிலிருந்து வந்தார். நெஞ்சுக்கூடு தெரிந்தது. சளியில் இரத்தம் வந்தது. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு மூன்று முறை கொண்டுபோனோம். அவர் என்னிடம் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். நான் வீட்டை மாற்றவில்லை. போனால் ஏன் என்று அக்கா கேட்பாரே என்ற பயம்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அக்கரையில் யுத்தம் முடிந்தது. எத்தனை ஆயிரம் பேர் மண்ணுக்குள் போனார்கள் என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. பக்கத்து வீட்டுச் சம்சாரி எந்தப் பண்ணையில் போய் ஒட்டிக்கொள்வான் என்று பயந்து துண்டு நிலத்தைக் கொடுத்தோமோ, அப்படிக் கிழக்கத்தி வல்லரசு ஒன்று புதுப் பண்ணையாக அவன் வீட்டுக்குள்ளேயே கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தது. நம் சம்சாரியும் அந்தப் புதுப் பண்ணைக்காரனை முந்திக்கொண்டு போய் அவனுக்கு யுத்தம் ஜெயித்த வாழ்த்துச் சொன்னான். இனிமேல் கடலில் தொல்லை இருக்காது என்று கரையில் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள், அப்பாவின் தொழிலுக்கே போயிருந்த அக்காவின் மகன் பிடிபட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்த அக்கா முக்காட்டை எடுக்காமலே தாளை மேசைமேல் வைத்தார். எனக்குப் பேனாவைத் தொடக் கை வரவில்லை. மீனவர் சங்கத்தில் மனு எழுதுகிறவரிடம் போகலாம் என்று சொல்லப் பார்த்தேன்.

“நீங்களே எழுதுங்க டீச்சர். ஆனா இந்தத் தடவ இஞ்சின் ரிப்பேருன்னு எழுதுங்க.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அவரு வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு. டீச்சர்ட்ட கேக்காத, நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதுனாகன்னாரு. நானும் கேக்கல.”

பன்னிரண்டு வருஷம். அத்தனை வருஷமும் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே எனக்குக் குழம்பு ஊற்றியிருக்கிறார். என்னால் அழக்கூட முடியவில்லை. அழுவதற்கு எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

எழுதினேன். இஞ்சின் பழுது, நீரோட்டம், தெரியாமல், கருணை. நாலே வரி. மனுதாரர் விவரத்தில் அவர் கணவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுத வேண்டியிருந்தது. அக்கா குனிந்து, நான் எழுதி முடிக்கும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மகன் ஆறு வாரத்தில் வீடு வந்து சேர்ந்தான்.