நாற்பது தலையும் ஒரு கார்டிசால் ஆராய்ச்சியும்

1. கத்திரி

திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் களப்பணியாளனாகச் சேர்ந்த முதல் நாளே கையில் கத்திரியைக் கொடுத்துவிட்டார்கள். நான் பி.எஸ்சி. விலங்கியல். சித்தூர் சபையில் எனக்காக ஸ்தோத்திர ஜெபம் வைத்த போதகர் 'விஞ்ஞானி' என்றே அறிவித்திருந்தார். வேலை என்னவோ முடி வெட்டுவது.

எங்கள் தலைவர் டாக்டர் வசந்தி, வேலூர்க்காரர். அவருடைய ஆராய்ச்சி இதுதான். கவலை அதிகமானால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அது மாதக்கணக்கில் இறங்காமலே இருந்தால் மூளையில் ஞாபகத்தைக் காக்கும் பகுதி அடிவாங்கும். அதே ஹார்மோன் முடியிலும் படிகிறது. பின்மண்டையில் தோலை ஒட்டி ஒரு சிறு கொத்து வெட்டினால் கடந்த சில மாதக் கவலையை லேபில் அளந்துவிடலாம். நகரியில் பவர்லூம் ஓட்டும் நாற்பது ஆண்களிடம், வேலையில்லாமல் தறி நின்றிருக்கும்போது ஒரு தடவையும் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு தடவையும் வெட்ட வேண்டும். கூடவே ஞாபக டெஸ்ட். நாங்கள் வாசிக்கும் வார்த்தைகளை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் சுற்று தொல்லையில்லாமல் முடிந்தது.

2. மொக்கு

அதன் பிறகுதான் வசந்தி மேடத்துக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் கவலை வந்தால் திருப்பதி மலைக்கு 'மொக்கு' என்று நேர்த்திக்கடன் வேண்டிக்கொள்வார்கள். வேண்டியது நடந்தால் மொட்டை. ஆக, கவலை அதிகமுள்ளவன் தலையில்தான் முடி இருக்காது. இந்த ஆராய்ச்சியை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் செய்திருக்கலாம். நாங்கள் தேடிப்பிடித்து மலையடிவாரத்தில் வந்து உட்கார்ந்திருந்தோம்.

மேடம் எல்லாரையும் தறி ஷெட்டில் கூட்டி மனம்விட்டுப் பேசினார். திட்டத்துக்கு நீட்டிப்பு ஆர்டர் வந்தால்தான் இரண்டாம் சுற்று. வராவிட்டால் திட்டம் மூடப்படும், அவருக்கும் எனக்கும் வேலை போய்விடும். அதனால் தயவுசெய்து யாரும் மொட்டை போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். முனிரத்தினம் என்ற தறிக்காரர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மேடம் சரியா துன்றதில்லியா சார்? மூஞ்சி வாடிப்போய் கீது."

தூக்கமும் இல்லை என்றேன். எங்களிடம் கார்டிசால் அதிகமுள்ள தலை இப்போது அவருடையதுதான் என்று ஒரு ஜோக்கும் அடித்தேன். முனிரத்தினம் சிரிக்கவில்லை.

நீட்டிப்பை முடிவு செய்யும் கமிட்டி வந்தது. இதுவரை எத்தனை பேர் விலகினார்கள் என்று கேட்டது. ஒருவர்கூட இல்லை, அத்தனை பேரும் இரண்டாம் சுற்றுக்கும் வருவார்கள் என்று மேடம் நிமிர்ந்து சொன்னார். அந்த ஒரு பதிலுக்காகவே நீட்டிப்பு கிடைத்தது. மேடம் முதல் போனை நகரிக்குத்தான் போட்டார்.

3. திங்கட்கிழமை

தறி ஓடத் தொடங்கியிருந்தது, இரண்டாம் சுற்றுக்குப் போனோம். ஷெட் வாசலில் நாற்பது மொட்டை. சந்தனம் பூசிக்கொண்டு, கையில் லட்டுப் பையோடு, சிரித்த முகமாக நின்றார்கள். மேடம் ஜீப்பை விட்டு இறங்கவேயில்லை. நான் கத்திரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

முனிரத்தினம் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து லட்டை நீட்டினார்.

"உங்க ஆர்டரு வந்தா எல்லாரும் மொட்ட போட்றோம்னு வேண்டிக்கினோம் மேடம். மொக்கு முடிய நீங்க வெட்டக்கூடாது. தள்ளிப் போட்டாலும் உங்களுக்குத்தான் ஆவாது. அதான் முன்னாடியே போய்ட்டு வந்துட்டோம்."

"எனக்கு அந்த முடிதாங்க வேணும்," என்றார் மேடம். குரல் உடைந்துவிட்டது.

"முடி வளந்துடும் மேடம். வேல போனா வருமா?"

தறி நின்ற காலத்தில் பிச்சாட்டூர் வரை போய் மூட்டை தூக்கியவர் அவர். மேடம் லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பல நாளுக்குப் பிறகு அவர் ஒழுங்காகச் சாப்பிட்டது அன்றுதான்.

ஞாபக டெஸ்ட்டை மட்டும் நடத்தினோம். எல்லாரும் முன்னைவிட நன்றாகச் சொன்னார்கள். ஏன் என்று அளந்து காட்டத்தான் தலையில் ஒன்றுமில்லை.

அறிக்கையில் 'மாதிரி கிடைக்காததன் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மேடம் வெகுநேரம் யோசித்துவிட்டு உள்ளதையே எழுதினார்: 'திட்டம் நீட்டிக்கப்பட்டது.' டைப்பிங் பிழையா என்று கமிட்டி கேட்டு அனுப்பியது. பிழையில்லை என்று பதில் போட்டோம்.

களப்பணிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஊசி எதற்கு, கத்திரி எதற்கு என்று எல்லாவற்றையும் விளக்குங்கள். உங்கள் கவலையை மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.