தம்பி பெயரில் கொடுத்த ரத்தம்

என் வீட்டுக்காரர் சிவராஜ் யாரையும் லேசில் நம்பமாட்டார். ஓசூர் சிப்காட்டில் பைக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பதினாறு வருஷமாகக் குவாலிட்டி செக்கிங் வேலை. வீட்டில் தோசை கோணலாக வந்தால்கூட ஒரு பார்வை பார்ப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது கால் இழுக்க ஆரம்பித்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கும் நோய். முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. பெங்களூரில் மாதம் ஒரு டிரிப் ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் கால் ஊன்றி நின்றார். ஆனால் அந்த மருந்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு வைரஸ் உடம்பில் ஒளிந்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கொரு முறை ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்க வேண்டும். இருந்தால் அந்த வைரஸ் மூளையைத் தாக்கலாம், மருந்தை நிறுத்த வேண்டி வரலாம். ரிசல்ட் வரும் வாரம் எனக்குச் சோறு இறங்காது.

போன ஆவணியில் இவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். கம்பெனியில் செக்கிங் ஆளையே சோதிக்க, ஒரே பீஸை வேறு நம்பர் ஒட்டி இரண்டாம் தடவை அனுப்புவார்களாம். அதே புத்தி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபில் தன் பெயரில் ரத்தம் கொடுத்தவர், அதே லேபின் பாகலூர் ரோட்டுக் கிளைக்குப் போய் என் தம்பி சௌந்தரராஜன் பெயரில் இன்னொரு தடவை கொடுத்துவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை.

பத்து நாளில் ரிசல்ட் வந்தது. தம்பிக்கு ஆன்டிபாடி இல்லை. இவர் பெயரில் வந்ததில், முடிவு தெளிவில்லை, மறுபடி எடுக்கவும் என்றிருந்தது. இரண்டையும் பெங்களூர் டாக்டர் முன்னால் நீட்டினார்.

"சௌந்தரராஜன் யாரு?"

"அதுவும் நான்தாங்க சார். லேபு கரெக்டா பாக்குதான்னு செக் பண்ணேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மச்சானுக்குத் தாராளமா மருந்து ஏத்தலாம். உங்களுக்கு முடியாது. உங்க பேருல ரிசல்ட் கொண்டுவாங்க."

ஊர் திரும்பும் பஸ் அத்திப்பள்ளி தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, புத்தி இருக்குதா உங்களுக்கு? டிரிப்பு தள்ளிப்போச்சே! காலு மறுபடி இழுத்துக்கினா யாரு பாக்கறது, சௌந்தரராஜனா?"

"தப்புதான் சுகுணா. பயமா இருந்துச்சு. ஒரே ஒரு பேப்பர நம்பி எப்படி இருக்கறது?"

பயம் என்று அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு மேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் நானே கூட நின்று, பெயரைப் படித்துப் பார்த்து, ரத்தம் எடுக்க வைத்தேன். அந்தப் பத்து நாளும் அவர் நடக்கும்போதெல்லாம் காலையே பார்த்தேன். ரிசல்ட் வந்ததும் செல்போனை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். சிவராஜ், வயது நாற்பத்திரண்டு, ஆன்டிபாடி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் டிரிப் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கியவர் விறுவிறுவென்று நடந்தார்.

"என்னாங்க, மெதுவா போங்க! என்னால ஓடியார முடியல!" என்று கத்தினேன்.

அவரைப் பார்த்து இப்படிக் கத்துவேன் என்று இந்த மூன்று வருஷத்தில் நான் ஒருநாளும் நினைத்ததில்லை.