பாலத்தில் சொல்லாத பெயர்

இது நடந்தது. கதை கட்டுகிற ஆள் நான் இல்லை. அடுத்தவர் சொல்வதையே லேசில் நம்பாதவன். சந்தேகம் இருந்தால் அந்த இரண்டு ரயில் டிக்கெட்டுகளையும் காட்டுகிறேன். ஒன்று எனக்கு. இன்னொன்று இறந்துபோன என் தம்பிக்கு.

வினித் பாங்காக்கில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தான். ஒரு நாற்சந்தியில் லாரி மோதிவிட்டது. உடலை ஊரில் தகனம் செய்தாகிவிட்டது. ஆனால் விபத்தில் போன உயிர் விழுந்த இடத்திலேயே நிற்கும். சொந்தக்காரர் போய்க் கூப்பிட்டால்தான் வீட்டுக்கு வரும். அம்மா என்னை அனுப்பினாள்.

நாற்சந்தியில் ஒரு புத்த பிக்கு ஊதுபத்தி ஏற்றிக் கொடுத்தார்.

"ஒவ்வொரு திருப்பத்துலயும் சொல்லு. ஒவ்வொரு பாலத்துலயும் பேரைச் சொல்லிக் கூப்பிடு."

காலை 7.50. துக்துக் வண்டியில் ஏறினேன். "வினித், இடது பக்கம் திரும்புறோம்டா… வினித், கால்வாய்ப் பாலம், தாண்டி வா!" தொண்டை கிழியக் கத்தினேன். அந்த இரைச்சலில் உயிரோடு இருப்பவனுக்கே காது கேட்காது.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, தம்பியை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லுங்க. கம்பி இடிக்கும்."

9.25க்கு ரயில். அவனுக்கு எடுத்த ஜன்னலோர இருக்கையில், அவன் உட்காரும் அடையாளமாக, வினித்தின் சட்டையை வைத்தேன். எதிரே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன். அடிக்கடி எங்கள் பக்கமே பார்த்தான். என் பை காலடியில் இருந்தது. திருட்டுப்பயல் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

10.40. சுட்ட கோழி விற்பவர் சட்டையைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "தம்பிக்கும் ஒரு பொட்டலமா?" இரண்டு வாங்கினேன். வினித்துக்குப் பிடிக்கும்.

11.42. கண்ணாடிக்காரன் மெல்லக் குனிந்தான். அவன் கையையே பார்த்தேன்.

தடக்… தடக்… தடக்…

சத்தம் மாறிவிட்டது. பாலம்! அவன் கையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வா, வா, தாண்டி வா" என்றேன்.

அவன் செருப்பு வாரைத்தான் சரிசெய்துகொண்டிருந்தான்.

சட்டையைத் தொட்டேன். ஈரம்… வெளியே சுள்ளென்று வெயில்.

11.50. கோழிக்காரர் திரும்பி வந்தார்.

"ஜன்னலைச் சாத்துங்க அண்ணே. அக்காவுக்கு முடியெல்லாம் மூஞ்சில அடிக்குது."

"எந்த அக்கா?"

அவர் காலி இருக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேகமாகப் போய்விட்டார்.

கண்ணாடிக்காரன் எழுந்தான்.

"பாலத்துல நீங்க பேரைச் சொல்லலை அண்ணே."

அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு வந்த எல்லாப் பாலத்திலும் வினித்தின் பெயரைக் கத்தினேன். பக்கத்தில் ஈரம் மட்டும் காயவில்லை.

மாலை 3.35. அம்மா வாசலில் நின்றிருந்தாள். "வாடா வினித், உள்ளே வா" என்று சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவனுடைய அறையில் பாய் விரித்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலை 6.00. அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

"வினித் கனவுல வந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறானாம். அண்ணன் என் பேரைச் சொல்லலைன்னு அழுறான்."

நான் அவளிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

"அப்போ… ராத்திரி பூரா அவன் ரூம்ல தலை வாரிக்கிட்டிருந்தது யாருடா?"

கதவைத் திறந்தேன். வினித்தின் சீப்பு நனைந்திருந்தது. அதில் முழ நீளத்துக்கு ஒரு முடி.

அடுத்த வாரம் அந்தப் பாலத்துக்குப் போனோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வினித்தை அழைத்து வந்தோம். அங்கே ரயில்வே கேட் காவலர் சொன்னார்: "நாலு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு இந்த ஆத்துல கிடைச்சா. யாருன்னே தெரியலை. கூப்பிட ஒருத்தரும் வரலை."

பிக்குவிடம் கேட்டோம். அவளைத் திருப்பி அனுப்பவும் பெயர் வேண்டுமாம்.

இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இப்போது அந்த அறையில் இரண்டு பாய் விரிக்கிறாள்.