பால் டின் சத்தம்

பக்கத்து வீட்டில் யாரோ பால் டின்னைக் கரண்டியால் தட்டிக் கோழிகளைக் கூப்பிடுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், பெம்பான் பக்கத்து எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாதாம். எங்கள் தாய்க்கோழி சிவப்பி கம்பிக்கு அடியில் நுழையப் பழகிக்கொண்டது. அதைப் பார்த்துக் குஞ்சுகளும், பிறகு லயத்துக் கோழிகள் அத்தனையும் பழகின. அம்மா டின்னைத் தட்டினால் எல்லாம் ஓடிவந்துவிடும்.

எஸ்டேட் கணக்கர் கிராணி ஆட்களோடு அம்மாவிடம் வந்தார். "உன் கோழிய காட்டுல உள்ளவன் புடிச்சுத் திங்கிறான். தட்டு. வர்றதையெல்லாம் அறுத்துடலாம்."

"குஞ்சும் தாயுமா இருக்குங்கய்யா."

"தட்டுலா."

அம்மா தட்டினாள். நம்பி ஓடிவந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து அறுத்தார்கள். கடைசியாகக் குஞ்சுகளோடு வந்த சிவப்பி ரத்தத்தைப் பார்த்ததும் நின்று கத்தியது. பின்னால் வந்த குஞ்சுகள் லாலான் புல்லுக்குள் ஓடி மறைந்தன. சிவப்பி ஓடவில்லை. அதையும் பிடித்தார்கள்.

ஜன்னலை அறைந்து சாத்துகிறேன். கிராணி மேலிருந்த கோபம் என்றோ ஆறிவிட்டது. குஞ்சுகளுக்காக ஒரு கோழி கத்தியது. லயமே கூடி நின்றும், அம்மாவுக்காக ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, பக்கத்தில் நின்ற அப்பாவும்தான்.