ஏறவே இல்லை

எங்கள் ஊர்ப் பக்கம் கைக்குழந்தையின் நிறையை யாரும் உள்ளபடி சொல்வதில்லை. கிளினிக்கில் தராசிலிருந்து பிள்ளையை இறக்கிய கையோடு பக்கத்தில் நிற்பவள் "எவ்வளவு?" என்று கேட்பாள். "எங்க, ஏறவே இல்ல" என்று பதில் வரும். கேட்டவள் அதை நம்பமாட்டாள். சொன்னவளும் அவள் நம்பவேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளை நன்றாக ஏறியிருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டால் கண்ணூறு பட்டுவிடும், அவ்வளவுதான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் இதில் ஒரே கட்சி. வேறெந்த விஷயத்திலும் இந்த ஒற்றுமையை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை.

நானும் அப்படித்தான் சொன்னேன். மகளை முதல் முறை நிறுத்துப் பார்த்தபோது நல்லபடியாக ஏறியிருந்தது. மிட்வைப் மிஸ் கிளினிக் கார்டில் வைத்த புள்ளி, நல்ல நிறைக்கான பச்சைப் பட்டைக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கார்டை மடித்துப் பைக்குள் ஒளித்துவிட்டு, "அட, ஏறவே இல்லக்கா" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். அப்படி நடிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று எனக்கு அன்று தெரியவில்லை.

அடுத்த முறை உண்மையிலேயே ஏறவில்லை.

மிஸ் பிள்ளையை இறக்கி, மறுபடியும் தராசில் வைத்துப் பார்த்தார். அவர் சிங்களப் பெண். எங்களோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசுவார். ஆனால் மனதுக்குள் ஏதாவது தட்டுப்பட்டால் அவருக்குச் சிங்களம்தான் முதலில் வரும். "பய வென்ன எப்பா" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். என் சுபாவம் கோணல். யாராவது பயப்படாதே என்றால்தான் எனக்குப் பயம் வரும். பயப்பட ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தானே சொல்கிறார்கள்!

"பால் குடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"நாள் முழுக்கக் குடிக்கிறா மிஸ். விடவே மாட்டேங்கிறா."

"அப்ப சரி. பால் கொடுக்கிற முறையில ஏதும் பிழை இருக்கும். அம்மாமார் கூட்டத்துக்கு வாங்க. நீங்க பால் கொடுக்கிறத மத்த அம்மாமார் பாக்கட்டும், கேட்டுப் பேசுங்க. அடுத்த முறையும் ஏறாட்டி மாத்தளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்."

மாத்தளை என்ற சொல்லை அதுவரை பஸ் பலகையில்தான் பார்த்திருந்தேன், உடுப்பு வாங்கப் போகிற டவுனாகத்தான் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அந்தப் பெயர் போட்ட பஸ் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எங்கள் ஆஸ்பத்திரி சின்னது. தம்புள்ளைக்குப் போகும் லொறிகளின் ஹோர்ன் வார்டு வரைக்கும் கேட்கும். கட்டடம் அரசாங்கத்துடையது என்றாலும் உள்ளே இருப்பதில் பாதி ஊர் கொடுத்தது. உட்காரும் வாங்குகள் பள்ளிவாசல் கொடுத்தவை, தண்ணீர் பில்டர் பௌத்தர்களின் பன்சலை கொடுத்தது, கிளினிக் மண்டபத்து மின்விசிறி எங்கள் வேதக்கோயில் கொடுத்தது. அந்த மின்விசிறி மட்டும்தான் அடிக்கடி நிற்கும், அது எனக்கு வெட்கமாக இருக்கும். கிளினிக் நாட்களில் ஒவ்வொரு தெருவும் முறை வைத்து இலைக்கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவார்கள். அதைக் குடித்து, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு தாய்மார் வட்டமாக உட்கார்ந்து பேசுவதுதான் அம்மாமார் கூட்டம். மிஸ் தொடக்கி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தாய்க்குத் தாய் சொன்னால் கேட்பார்கள் என்பது ஏற்பாடு.

எனக்கு அந்தக் கூட்டம் அவசியமாகத் தேவைப்பட்டது. அம்மா இல்லை. கணவருடைய ஆட்கள் எல்லாரும் தூரத்துத் தோட்டத்தில். கணவருக்குத் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஒரு கடையில் வேலை, விடிய முன்னமே போய்விடுவார். பகலெல்லாம் மூட்டை மூட்டையாகப் போஞ்சியும் கோவாவும் நிறுக்கிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் கிராம் கணக்குக் கேட்க ஆரம்பித்துவிடுவார். "இன்னைக்குக் கொஞ்சம் பாரமா இருக்கிற மாதிரி இருக்கே?" என்பார் பிள்ளையைக் கையில் ஏந்தி. அவருடைய கை தராசு மாதிரி என்று சந்தையில் பெயர். அந்தக் கையும் பொய் சொல்கிறதே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். வஹகோட்டைக் கோயிலுக்குப் பிள்ளையின் நிறைக்கு நிறை மெழுகுதிரி வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். "இப்பவே வச்சிட்டா மலிவா முடியும்" என்று சொல்லி என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அன்று நான் சோற்றைத் தொடாமல் போய்ப் படுத்துவிட்டேன். அவரும் சாப்பிடவில்லை.

மகளின் மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தேன். நாங்கள் கத்தோலிக்கர்தான், ஆனாலும் எதையும் விட்டுவைக்க எனக்குத் துணிவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குக் கை பருத்துக் கயிறு இறுகும், அம்மாமார் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். என் மகளின் கயிறு சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதற்குள் என் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பேன். விரல் தாராளமாகப் போய்வரும். அரிசி களையும்போது, உடுப்புத் துவைக்கும்போது, பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து மறுபடியும் பார்ப்பேன்.

கூட்டத்தில் என் முறை வந்தது. "பிள்ளைக்கு நிறை ஏறல்ல" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, நம்மாள் என்று சேர்த்துக்கொள்ளும் சிரிப்பு. "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று ஒருத்தி கண்ணடித்தாள்.

"இல்ல, நெசமாத்தான் ஏறல்ல."

"போன தடவையும் இதையேதானே சொன்னீங்க!" என்றாள் இன்னொருத்தி.

போன தடவை சொன்னது பொய், இந்தத் தடவை சொல்வது மெய் என்றால், அதையும் கண்ணூறுக்குப் பயந்து சொல்கிறேன் என்பார்கள். உதவி கேட்க எனக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான். அதை நாங்கள் எல்லாரும் சேர்ந்து பொய்க்குப் பாவித்துப் பாவித்துத் தேய்த்துவிட்டிருந்தோம். கார்டைக் காட்டியிருக்கலாம்தான். ஆனால் மெலிந்த பிள்ளையின் கார்டை ஊருக்கு விரித்துக் காட்ட எனக்குக் கை வரவில்லை. போதாததற்கு, பிள்ளைக்குத் தலையில் குல்லாவும் காலில் மேஜோடும் இரண்டு சட்டையும் போட்டு உருட்டித்தான் கொண்டுபோவேன். பார்த்தவர்களுக்குக் கொழுகொழுவென்றுதான் தெரிந்திருக்கும். கஞ்சியைக் குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்துக்குப் போகவே கூடாது என்றிருந்தேன். ஆனால் நிறுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பயம்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது. அன்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூன்று பிள்ளை பெற்ற ஒரு முஸ்லிம் அம்மா. மடியில் இருந்த கடைக்குட்டிக்கு என் மகளின் வயதுதான், ஆனால் தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. நாங்கள் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவோம்; இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் சொல். "புள்ள எப்பிடி தங்கச்சி, ஏறுதா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"ஏறல்ல தாத்தா."

"ம்ம், நம்மடதும் அப்பிடித்தான்" என்று தன் மகனின் தொடையைத் தட்டினார். வட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! "நான் பொய் சொல்லல்ல!" என்று கத்திவிட்டேன். மருந்துக்குக் காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். குல்லாவைக் கழற்றி எறிந்தேன், மேஜோட்டை உருவினேன், ஒன்றன்மேல் ஒன்றாய்ப் போட்டிருந்த சட்டைகளை அவிழ்த்து, வெறும் நப்பியோடு பிள்ளையைத் தூக்கி அவருடைய மடியில், அவருடைய மகனுக்குப் பக்கத்தில் வைத்தேன். "தூக்கிப் பாருங்க. நீங்களே தூக்கிப் பாருங்க!"

அவர் தூக்கினார். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். சிரித்தவர்கள் எழுந்து வந்து பிள்ளையின் விலாவைப் பார்த்தார்கள். இப்போது நம்பிவிட்டார்கள். நம்பவேண்டும் என்றுதானே அத்தனை கூத்தும் ஆடினேன், ஆனால் அவர்கள் நம்பிய அந்த நொடியில் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஓடிவிடத்தான் எனக்குத் தோன்றியது. அதுவரை நானும் எங்கோ ஒரு மூலையில் நம்பாமல் இருந்திருக்கிறேன் போலும்.

"புள்ளக்கிப் பால் குடுங்க. நான் பாக்குறன்" என்றார் தாத்தா.

கொடுத்தேன். மகள் ஆசையாகத்தான் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள், மறுபடியும் பிடித்தாள். தாத்தா குனிந்து அவளுடைய தலையில் உள்ளங்கையை வைத்தார்.

"தலையப் பாருங்களேன், இப்பிடி வேர்க்கிதே. எந்த நாளும் இப்பிடியா?"

"குல்லா போட்டதால வேர்க்குது தாத்தா" என்றேன்.

"குல்லாதான் இப்ப இல்லயே, தங்கச்சி."

மின்விசிறி அன்று நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மகளின் நெற்றியிலும் உச்சியிலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. நான் நாள் முழுக்கக் குடிக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னது, குடித்து முடிக்கத் தெம்பில்லாமல் விட்டு விட்டுக் குடித்ததைத்தான். தாத்தா எழுந்து போய் மிஸ்ஸைக் கையோடு கூட்டிவந்தார். மிஸ் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். இந்த முறை "பய வென்ன எப்பா" என்று அவர் சொல்லவில்லை. நேரே டொக்டரிடம் கொண்டுபோனார்.

டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். சின்னப் பிள்ளையின் நெஞ்சில் கேட்பதற்கு அவ்வளவு என்னதான் இருக்கும் என்று நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, சின்ன ஓட்டை இருக்கலாம் என்றார். முதல் மாதம் பார்த்தபோது கேட்கவில்லை, சில பிள்ளைகளுக்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கும் என்றும் சொன்னார். மீதி எதுவும் என் காதில் விழவில்லை.

வெளியே வந்தால் கூட்டம் கலையாமல் நின்றது. ஒருத்தி என் பையை எடுத்துக்கொண்டாள், இன்னொருத்தி கணவருக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரி வாசல் ஸ்டாண்டில் இருந்து த்ரீவீலர் ஒன்று ஏற்கெனவே வந்து நின்றது. போன தடவை கண்ணடித்தவள் என் மகளின் மேஜோடுகளைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அவளுடைய தோளில் சாய்ந்துதான் அழுதேன். தாத்தா மாத்தளை வரைக்கும் கூடவே வந்தார், தன் மகனை மடியிலும் என் பையைக் கையிலும் பிடித்துக்கொண்டு. வழி முழுக்க வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார்.

மாத்தளையில் இருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஓட்டை இருந்தது. இப்போதைக்கு மருந்து, பாலைப் பிழிந்து கரண்டியாலும் கொடுக்கவேண்டும், நிறை ஏறினால் தானாகவே மூடக்கூடும், ஏறாவிட்டால் ஒப்பரேஷன் என்றார்கள். ஆக, எல்லாம் மறுபடியும் நிறையில் வந்து நின்றது. கணவர் அதன்பிறகு பிள்ளையைத் தூக்கும்போது வாயைத் திறப்பதில்லை. தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பக் கொடுத்துவிடுவார். வேலையில் இருந்து வந்ததும் அவர்தான் கரண்டியால் பால் கொடுப்பார், ஒரு சொட்டுச் சிந்தினாலும் பதறுவார். நானும் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். பார்க்கப் பயமாக இருந்தது.

மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளில் வேர்வை குறைந்தது. அழுகைச் சத்தம் பலத்தது. ஆனாலும் நான் எதையும் நம்பவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் மறுபடியும் நிறுக்கும் நாள் வந்தது. மிஸ் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புள்ளி வைத்து, கார்டை என் பக்கம் திருப்பினார். புள்ளி பச்சைப் பட்டைக்குள் போகவில்லை. ஆனால் அதன் ஓரத்தைத் தொட்டுவிடும் தூரத்துக்கு ஏறியிருந்தது. அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

வெளியே வாங்கில் தாத்தா இருந்தார். இந்தச் செய்தியை முதலில் அவருக்குத்தான் சொல்லவேண்டும் என்று எத்தனையோ தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என்னிடமிருந்து உண்மையைக் கேட்க உரிமையுள்ள ஆள் அவர். என்னைக் கண்டதும் பாதி எழுந்துவிட்டார். "என்னா தங்கச்சி, நெற ஏறிச்சா?"

வாயைத் திறந்தேன். சுற்றிலும் பத்துப் பேர் பிள்ளைகளோடு இருந்தார்கள், எல்லாருடைய கண்ணும் என் மகள் மேல். ஓட்டை இன்னும் மூடவில்லை. இந்தக் கொஞ்சமும் பறிபோய்விட்டால்? அப்படி ஒரு பயம், கையில் ஏதாவது இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பயம், எனக்குத் திரும்ப வந்திருந்தது.

"எங்க தாத்தா... ஏறவே இல்ல" என்றேன்.

அவருடைய முகம் அப்படியே விழுந்துவிட்டது. பிள்ளையின் கையைப் பிடித்தார். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. அவர் தன் சுண்டுவிரல் நகத்தை அதற்குள் நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "ஓ, பாவம், ஏறல்லதான். அந்தக் கயித்த வெட்டுங்க தங்கச்சி, புள்ளக்கி நோவுது" என்றார்.