பதினைந்து நாள் போதும் என்றவர்

கோமதி அண்ணாச்சியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் தண்ணீர் லாரிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "வாயுதான் வே, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துட்டு வந்திருதேன்" என்று காலையில் ஆட்டோ ஏறிப் போனவர். திரும்பி வருகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தேன். ஒரு பெண் தெலுங்கில் பேசினாள். "மீரு வாள்ள பந்துவுலா?" உறவினரா என்று கேட்கிறாள். "ஹவ்" என்றேன். அதற்குமேல் அவள் சொன்னதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

கோமதிநாயகம் என்றால் நம் பழைய அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்றபின் குகட்பள்ளியில் ஒரே அடுக்ககத்தில் குடியிருந்தோம். அவர் இரண்டாம் மாடி, நான் தரைத்தளம். இத்தனை ஆண்டுகள் ஹைதராபாத்தில் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சை ஒரு இழை விடவில்லை. நானோ இங்கேயே, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். வாயைத் திறந்தால் ஆமாவுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்று ஹைதராபாத் உருது வந்து விழும். "உம்ம தமிழைக் கேட்டா தமிழுக்கே காய்ச்சல் வந்துரும் வே" என்பார். மாத்திரை வாங்கிக் கொடுங்கள் என்பேன். இப்படியே ஓடியது எங்கள் காலம்.

நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். யாரும் ஏற்றுக்கொள்ளாத பதவி என் தலையில் விழுந்தது. லிஃப்ட், மோட்டார், குப்பை, நடுவில் கேமரா. முதலில் கேமரா மாட்டியவர், சாதாரண கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பெட்டிக்குள் செருகிவிட்டுப் போய்விட்டார். எங்களுக்கு என்ன தெரியும்? ஒருநாள் வாசலில் நின்ற ஸ்கூட்டர் காணாமல் போயிற்று. எல்லாரும் படிக்கட்டுக்கு அடியில் கூடி, திருடன் முகத்தைப் பார்க்கப்போகிறோம் என்று பெட்டியைத் திறந்தால் திரை ஒரே கறுப்பு. டிஸ்க் எப்போதோ செத்துப்போயிருந்தது.

புது டிஸ்க் வாங்க ஒரு கூட்டம் போட்டோம். அண்ணாச்சிதான் எழுந்து பேசினார். "வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க் நாம ஆபீஸ் போற மாதிரி. கொஞ்ச நேரம் வேலை, மிச்ச நேரம் ஓய்வு. இது அப்படி இல்ல. ராத்திரி பகலா எழுதிக்கிட்டே இருக்கணும். கேமராவுக்குன்னே செஞ்ச டிஸ்க் இருக்கு, அதை வாங்குங்க." அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சண்டை அளவில் வந்தது. பெரிதாக வாங்கினால் மூன்று மாதப் பதிவு நிற்குமே என்றார்கள். அவர் ரெண்டு டெராபைட் டிஸ்க் போதும் என்றார். நம் கேமராக்களுக்கு அது பதினைந்து நாள் தாங்கும். அப்புறம் பழையதின் மேலேயே புதியது பதிவாகும்.

"பெரிசா இருந்தா என்ன அண்ணாச்சி, நல்லதுதானே?" என்று நானே கேட்டேன்.

"களவு போனா ரெண்டு நாள்ல தெரிஞ்சு போகும் வே. ஊருக்குப் போனவன்கூட பதினஞ்சு நாள்ல வந்துருவான். அதுக்கு மேல வெச்சிருக்கது களவுக்கு இல்ல, சண்டைக்கு."

பிடிவாதத்தில் அவரை யார் ஜெயிப்பது? ரெண்டு டெராதான் வந்தது.

அவர் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. சில மாதம் கழித்து ஒரு வீட்டுக்காரர் வந்தார். எதிர்வீட்டுப் பெண் போன மாதம் ஒரு பையனோடு பைக்கில் வந்து இறங்கினாளாம்; அவள் அப்பாவுக்குக் காட்டவேண்டும், எடுத்துக் கொடுங்கள் என்கிறார். பக்கத்தில் நின்ற அண்ணாச்சி, "களவு போன சாமான் என்ன?" என்று கேட்டார். வந்தவர் முழித்தார். "போன மாசமா? அது அழிஞ்சு போச்சே" என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை இது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அண்ணாச்சி போனபின் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவர் மனைவி செண்பகம் மதினி வீட்டைவிட்டு இறங்கவில்லை. அவர்கள் வழக்கம் அப்படி. வீடு நிறைய உறவுக்காரர்கள். மறுநாள் கூட்டம் கலைந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"அவுக ஆட்டோ ஏறினது கேமராவுல இருக்கும்லா? எனக்கு அதைப் பாக்கணும்."

"எதுக்கு மதினி?"

"அடுப்புல பால் வெச்சிருந்தேன். போய்ட்டு வாரேன்னாக, உள்ள இருந்தே சரின்னுட்டேன். எப்பவும் பால்கனியில வந்து நிப்பேன். அன்னைக்கு நிக்கல. என்னைத் தேடினாகளா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். பதினாறு நாளா இதே நெனப்பு."

பதினைந்து நாள் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இருந்தால் இருக்கட்டும் என்று படிக்கட்டுக்கு அடியில் போய்ப் பெட்டியைத் திறந்தேன். தேதியைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அவர் போனதற்கு மறுநாள் பதிவுகூட அழிந்திருந்தது. ஆட்டோவும் இல்லை, அவரும் இல்லை. பாவி மனுஷா, கொஞ்சம் பெரிதாக வாங்கவிட்டிருந்தால் உமக்கு என்ன கெட்டுப்போயிருக்கும் என்று மனதுக்குள் திட்டினேன். உண்மையிலேயே கோபம் வந்தது.

மதினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினஞ்சு நாளுன்னாக. சொன்னா சொன்னதுதான்" என்றார். எழுந்தவர் நின்றார். "நீங்க அன்னைக்கு கேட்டுலதான நின்னீங்க?"

ஆமாம், நின்றேன். ஆட்டோவை நிறுத்தியதே நான்தான். அங்கே நடந்தது ஒரு செய்தி என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அதை அப்படியே சொன்னேன்.

அண்ணாச்சி ஒரு காலை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டு, மேலே தன் வீட்டுப் பால்கனியை அண்ணாந்து பார்த்தார். மதினியைக் கூப்பிடட்டுமா என்றேன். "கூப்பிடாதீரும் வே. அடுப்புல பால் வெச்சிருக்கா. உம்ம சத்தத்தைக் கேட்டா போட்டது போட்டபடி ஓடியாருவா. பொங்கிரும்" என்றார். சிரித்துக்கொண்டே ஏறினார்.

மதினி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் ஓடித்தான் வந்தேன். அதுக்குள்ள ஆட்டோ தெரு முனையில திரும்பிருச்சு. பால் பொங்கித்தான் போச்சு."

சங்கத்தில் மறுபடியும் பெரிய டிஸ்க் வாங்கலாமா என்கிறார்கள். நக்கோ என்றுவிட்டேன். அடுத்த செயலாளர் வந்து வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு இந்த வேலையே அலுத்துவிட்டது. படம் இருந்திருந்தால் அவர் அண்ணாந்து பார்த்தது மதினிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் கேமராவில் சத்தம் பதிவாகாது. என்ன சொன்னார் என்பது நான் சொன்னால்தான் உண்டு. அவரைப் பற்றி என்னிடம் மிச்சம் இருப்பது அந்த "கூப்பிடாதீரும் வே"தான். மதினி அதைத் தினமும் ஒருமுறை கேட்கிறார். நானும் தினமும் ஒருமுறை, அண்ணாச்சி குரலிலேயே, சொல்கிறேன்.