மத்தியானம் ஓடிய கிளிப்பர்

இதைக் கதை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் இது நடந்தது. திண்டுக்கல்லில், பழனி ரோட்டில், பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பாஸிலாவுக்கு வேலை ஒரு நாய், பூனை ஆஸ்பத்திரியில். அங்கே டாக்டர் புவனேஸ்வரி குளுக்கோஸ் ஏற்றுவதென்றால், முதலில் பிராணியின் முன்னங்காலில் தீப்பெட்டி அகலத்துக்கு முடியை மழிப்பார். அப்போதுதான் நரம்பு தெரியும். அதற்கென்று ஒரு கரண்ட் கிளிப்பர். மழிப்பது டாக்டர், கிளிப்பரைச் சுத்தம் செய்வது பாஸிலா.

மத்தியானம் டாக்டர் சாப்பிட வீட்டுக்குப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்குவாள். பிளக்கைப் பிடுங்கி, பிளேடைக் கழற்றுவாள். பழைய டூத் பிரஷ்ஷால் பல்லிடுக்கில் இருக்கிற முடியைத் தட்டி, மருந்துத் தண்ணீரில் முக்கித் துடைத்து, ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவாள். ஒரு முடி தங்கினாலும் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாயின் சொறி, படை அடுத்த நாய்க்கு ஒட்டிவிடுமாம். வருஷக்கணக்காக இதே வேலை. உதிர்கிற முடியைப் பார்த்தே அது எந்த நாய், எந்தப் பூனை என்று சொல்லிவிடுவாள். அந்த விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து கிளிப்பரை யாரும் தொடவே இல்லை. சும்மா எண்ணெய் விடலாம் என்று பிளேடைக் கழற்றினாள். பொலபொலவென்று உதிர்ந்தது... செம்பட்டை நிறத்தில் குட்டை முடி.

அந்த நிற முடி பின்னறைக் கூண்டில் இருந்த குட்டைக்கால் நாய்க்குத்தான் உண்டு. அதற்கு நோய்நொடி எதுவும் கிடையாது. வீட்டுக்காரர்கள் கொடைக்கானல் போகிறோம் என்று விட்டுப்போயிருந்தார்கள். பாஸிலா போய்ப் பார்த்தாள். முன்னங்காலில் தீப்பெட்டி அகலத்துக்கு மொழுமொழுவென்று தோல் தெரிந்தது.

டாக்டர் வந்ததும் கேட்டாள்.

"நான் எதுக்கு அத வழிக்கப் போறேன்? நல்லாத்தான இருக்கு?"

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் நாய் செத்துக் கிடந்தது. டாக்டர் அதன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டார்.

அதற்குப் பிறகு பாஸிலா கிளிப்பரைக் கண்டபடி விடவில்லை. வேலை முடிந்ததும் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவாள். சாவி அவள் இடுப்பில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ர்ர்ர்ர்ர்ர்...

இழுப்பறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பிளக் மாட்டாத கிளிப்பர் எப்படி ஓடும்? திறந்ததும் சத்தம் நின்றுவிட்டது. பிளேடு சுட்டது. பல்லிடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளை முடி. கூண்டில் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. காதில் புண் என்று வந்த பூனை. அது தன் முன்னங்காலை நக்கிக்கொண்டே இருந்தது. நக்கிய இடத்தில் முடி இல்லை.

ராத்திரி வரைகூடத் தாங்கவில்லை, பாவம்.

வேலையை விட்டுவிடலாம் என்றுதான் பாஸிலா நினைத்தாள். புருஷன் நைனா முகமதுவிடம் சொல்லவும் செய்தாள். அவன் ஒட்டன்சத்திரத்துக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எதற்கெடுத்தாலும் தைலம் தேய்க்கிற தைலப் பைத்தியம்.

"ஒனக்கு நாய்கூடச் சேர்ந்து சேர்ந்து புத்தியும் அப்படி ஆயிருச்சு புள்ள" என்று சிரித்தான்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்தால் அவளும் சிரித்துவிடுவாள். அவளுக்கென்று இருந்தது அவன் ஒருத்தன்தான்.

அடுத்த புதன்கிழமை ஊர் முழுக்கக் கரண்ட் கிடையாது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் டாக்டரும் சாப்பிடப் போய்விட்டார். கூண்டுகள் எல்லாம் காலி. ஒரு உயிர்கூட உள்ளே இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

ர்ர்ர்ர்ர்ர்...

யா அல்லாஹ்! யாருக்கு? இங்கேதான் யாருமே இல்லையே!

இழுப்பறையைத் திறந்தாள். பிளேடைக் கழற்றித் தட்டினாள். வெள்ளைத் துணியில் விழுந்தது... கறுப்பு முடி. சுருட்டை. நடுவில் ரெண்டு நரை.

இது நாயும் இல்லை. பூனையும் இல்லை.

முகர்ந்து பார்த்தாள். தைல வாசனை.

போனை எடுத்தாள்.

"வண்டிய எடுக்காதீங்க! எங்க இருந்தாலும் இங்க வாங்க!"

"லோடு ஏத்தியாச்சு புள்ள..."

"வாங்கன்னா வாங்க!"

ஏற்றின லோடோடு வண்டியிலேயே வந்தான். அவனை ஜன்னலோரம் இழுத்து, முழுக்கைச் சட்டையின் ரெண்டு கையையும் சுருட்டிவிட்டுப் பார்த்தாள். இடது கை, வலது கை, முழங்கை, மணிக்கட்டு. எல்லா முடியும் அப்படியே இருந்தது. ஒரு இடம்கூட மழிக்கவில்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன, எனக்கும் ஊசி போடப் போறியா?"

"இன்னைக்கு வண்டி ஓட்டக் கூடாது. இந்த பெஞ்சுலயே கெடங்க."

அவனும் படுத்தான். "நெஞ்செல்லாம் கரிக்குது. காலைல தின்ன பரோட்டா" என்றான். செத்த நேரம் கழித்து, "வீட்டுக்காச்சும் போறேனே, மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிக்கிட்டு..." என்று எழுந்தான். அவள் தோளை அழுத்திப் படுக்கவைத்தாள். ரோட்டில் லாரி போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு சோடா உடைத்துக் கொடுத்தாள்.

எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவன் கைகளையே பார்த்தாள். கண்ணைச் சிமிட்டவும் பயம்.

அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. மின்விசிறி ஓடவில்லை அல்லவா, அதனால்தான் என்று அட்டையால் விசிறினாள்.

கைகளில் ஒன்றும் இல்லை...

ஒன்றும் இல்லை...

வலது கை பெஞ்சிலிருந்து வழுக்கி, கீழே தொங்கியது.

"ஏங்க..."

"ஏங்க!"

அவன் லோடு ஆட்டோவிலேயே அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எதிர்க் கடைக்காரர் ஸ்தனிஸ்லாஸ்தான் ஓட்டினார். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அப்போதும் பாஸிலா அவன் கையைத்தான் பிடித்துப் பார்த்தாள்.

ஈசிஜி எடுக்க நர்ஸ் சட்டையை விலக்கினாள். மழிக்க ரேசரை எடுத்தவள், அப்படியே நின்றாள்.

"இதுக்கு முன்னாடி எந்த ஆஸ்பத்திரில காட்டுனீங்க?"

"எங்கயும் காட்டலீங்க."

"பொய் சொல்லாதீங்கம்மா. இந்தா, வழிச்சு விட்டுருக்காங்களே..."

பாஸிலா எட்டிப் பார்த்தாள். நெஞ்சு முழுக்கச் சுருட்டை முடி. இடது பக்கம் மட்டும் தீப்பெட்டி அகலத்துக்கு மொழுமொழுவென்று தோல்.

நாய்க்கும் பூனைக்கும் முன்னங்கால். மனுஷனுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

அங்கே இருந்த டாக்டர் கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஈசிஜி மிஷினில் கோடு நேராக ஓடியது. டார்ச்சை அணைத்தார்.

"மாரடைப்புங்கம்மா. ஒரு மணி நேரம் முந்திக் கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா, காப்பாத்திருப்போம்."

அந்த ஒரு மணி நேரமும் பாஸிலா அவனைப் பெஞ்சைவிட்டு எழுந்திருக்க விடவில்லை.